ஆறாவது அரைச் சுற்று

தரையில் நின்றபோது அமுக்கமானியின் ஊசி இருநூறில் இருந்தது. தண்ணீருக்குள் பன்னிரண்டு மீற்றர் இறங்கியதும் அது ஆடத் தொடங்கியது. முனாப் மூச்சை உள்ளே இழுத்தால் ஊசி நூற்றிருபதுக்கு விழுந்தது. வெளியே விட்டால் மெல்ல மெல்ல இருநூறுக்கு ஏறியது.

விழுவது அவனுக்குப் புரிந்தது. சுழியோடி முதுகில் சுமந்துபோவது காற்றடைத்த சிலிண்டர். மூச்சிழுக்க இழுக்க அதிலுள்ள காற்றுக் குறையத்தான் வேண்டும். ஏறுவதுதான் புரியவில்லை. அவன் விட்ட மூச்சு குமிழிகளாக அவன் கண் முன்னாலேயே மேலே போய்க்கொண்டிருந்தது. போன காற்று எப்படிச் சிலிண்டருக்குத் திரும்பி வரும்?

மூச்சைச் சிறிது சிறிதாகக் குடித்து, சுழியோடல் பரீட்சையை முடித்து மேலே வந்தான். அமுக்கமானியை அனுமதி வாங்கிக் கழற்றி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருந்த தன் கடையில் வைத்துச் சோதித்தான். காஸ் அடுப்பும் பிரஷர் குக்கரும் திருத்துகிற கடை. மானியில் ஒரு பழுதும் இல்லை. விண்ணப்பப் படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் 'ஆழத்தில் ஊசி ஆடுகிறது' என்று எழுதிக் கொடுத்தான். படிவம் திரும்பி வந்தது. கீழே சிவப்பு மையில், 'பரீட்சார்த்தியின் மனநிலை காரணமாக இருக்கலாம். மறுபடி தோற்றவும்.'

எழுதியது அகில இலங்கைச் சுழியோடித் தலைமைத்துவத் தராதரச் சபை. அதன் கந்தோர் கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கடலுக்குள் ஆட்களை வழிநடத்துகிறவர்களைத் தேர்வு செய்யும் சபை ஏன் கண்டியில் இருக்கிறது என்று கேட்பது நியாயம்தான். காலியில் வைத்தால் திருகோணமலை கோபிக்கும், திருகோணமலையில் வைத்தால் நீர்கொழும்பு கோபிக்கும். எல்லாக் கரையிலிருந்தும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பதால் கண்டி நடுநிலையான இடம் என்று முடிவாயிற்று. கடல் இல்லாத குறையை, கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு கல்லுடைக்கும் குழி தீர்த்துவைத்தது. மழைத்தண்ணீர் நிறைந்த குழி. பதினெட்டு மீற்றர் ஆழம். கரையிலிருந்து பார்த்தால் கறுப்பாக இருக்கும்.

முனாப் இதற்கு முன் ஆறு வருடம் கிழக்குக் கரையில் ஒரு சுழியோடல் நிலையத்தில் சிலிண்டர் நிரப்பினான். ஓய்வு நேரத்தில் அவனும் இறங்குவான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்க மட்டும் அவனுக்கு அனுமதி இல்லை. அதற்கு ஆரம்ப நிலை வழிநடத்துனர் சான்றிதழ் வேண்டும்.

அந்தச் சான்றிதழுக்கு முதலில் இருந்த தராதரம் எளிமையானது. அறுபது தடவை கடலில் இறங்கியிருக்க வேண்டும். களைத்துப்போன ஒருவரை இழுத்துக் கரை சேர்க்க வேண்டும். கூட்டிப் போனவர்களைத் திசைகாட்டி பார்த்து, எண்ணித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முதலாம் திருத்தம் இழுத்துக் கரை சேர்ப்பதை எடுத்துவிட்டு, 'ஆபத்தில் தலைவனின் மனப்பாங்கு' என்ற கட்டுரையைச் சேர்த்தது. இரண்டாம் திருத்தம் திசைகாட்டியை எடுத்துவிட்டு, சபையின் நிர்வாகக் கட்டமைப்பை வரைந்து பாகம் குறிக்கச் சொன்னது. மூன்றாம் திருத்தத்தில் அறுபது முழுக்கு, நான்கு முழுக்கும் ஐம்பத்தாறு கூட்டமுமாக ஆயிற்று. மொத்தம் அறுபதுதான், தராதரம் குறையவில்லை என்று சுற்றுநிருபம் விளக்கியது.

ஒவ்வொரு திருத்தமும் இன்னொன்றையும் செய்தது. ஒரு கையொப்பத்தைக் கூட்டியது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் கழுத்தில் ஒரு வால்வு, அதில் ஒரு கறுப்பு இறப்பர் குமிழ். இடப்பக்கம் சுற்றினால் திறக்கும். பழைய பித்தளை வால்வுகளைக் கடைசிவரை திறந்தால் அங்கேயே இறுகிக்கொள்ளும். அடுத்து வருகிறவர் அது மூடியிருக்கிறது என்று நினைத்து முறுக்கி உடைத்துவிடுவார். ஆகவே அந்தக் காலத்தில், முழுதாகத் திறந்தபின் அரைச் சுற்றுத் திருப்பி விடுவார்கள். ஒருவர், ஒரு தடவை. நல்ல காரணத்துக்காக வந்த பழக்கம்.

சபை அந்தப் பழக்கத்துக்கு 'உறுதிப்படுத்தல்' என்று பெயர் வைத்தது. திறப்பு உத்தியோகத்தர் முழுதாகத் திறப்பார். உறுதிப்படுத்தல் உத்தியோகத்தர் அரைச் சுற்றுத் திருப்பிக் கையொப்பம் இடுவார். அவரை மேற்பார்க்கிறவர் வெறுமனே பார்த்துக் கையொப்பம் இடுவது நேர்மையல்ல என்பதால் அவரும் தன் கையால் அரைச் சுற்றுத் திருப்பிக் கையொப்பம் இடுவார். மேற்பார்வையாளருக்கு ஒரு பரிசோதகர். பரிசோதகருக்கு ஒரு பிராந்தியப் பரிசோதகர். அவருக்கும் மேலே கணக்காய்வு. முனாப் இறங்கிய நாளில் உறுதிப்படுத்தியவர்கள் ஐந்து பேர். அவன் மேலே வந்ததும் மூடல் உத்தியோகத்தர் ஓடிவந்து வால்வை மூடிவிட்டார். ஆகவே தண்ணீருக்குள் அது எவ்வளவு திறந்திருந்தது என்று பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லை.

விடை அவனுக்கு வீட்டுக் குழாயில் கிடைத்தது.

"இங்க வந்து பாருங்களே," என்று குசினியிலிருந்து கூப்பிட்டாள் மனைவி றமீஸா. "தொறந்தோடன பாய்ஞ்சி வருது. ரெண்டு செக்கன்ல நூலாப் போகுது. மூடி வெச்சிட்டுத் தொறந்தா மறுபடியும் பாயுது. ஷைத்தான் புடிச்ச குழாய்."

"மேல வீட்டுல யாரும் கை வெச்சாங்களா?"

"ஹவ்வா உம்மாட மருமகன் காலையில தண்ணித் தாங்கி கழுவினாரு. வால்வ மூடித் தொறந்த சத்தம் கேட்டிச்சி."

முனாப் சுவரோரம் போய் வால்வைத் தொட்டுப் பார்த்தான். அந்த மனிதர் கால் சுற்றுத்தான் திறந்துவிட்டுப் போயிருந்தார். கால் சுற்றில் தண்ணீர் கசிந்து வந்து குழாயை நிறைக்கும். குழாய் நிறைந்திருக்கிற வரைக்கும் அமுக்கம் முழுதாக இருக்கும். திறந்தால் நிறைந்திருந்தது முதலில் பாயும். பிறகு வால்வு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான்.

அவன் கை குழாயிலேயே நின்றுவிட்டது.

அமுக்கமானி இருப்பது சிலிண்டரில் அல்ல. வால்வுக்கு அப்பால், மூச்சுக்குழாயோடு. அது காட்டுவது அந்தக் குழாயின் அமுக்கத்தை. கால் சுற்றுத் திறந்த வால்வு கரையில் ஒரு மனிதனுக்குப் போதும். பதினெட்டு மீற்றர் ஆழத்தில் தண்ணீரின் அமுக்கத்தால் ஒவ்வொரு மூச்சும் கரையில் இழுப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு காற்றை எடுக்கும். இழுக்கும்போது குழாய் வெறுமையாகும், ஊசி விழும். வெளியே விடும் நேரத்தில் காற்றுக் கசிந்து வந்து குழாயை நிறைக்கும், ஊசி ஏறும்.

கடைக்கு ஓடினான். அதே வகை வால்வு ஒன்று பழைய சாமான் பெட்டிக்குள் கிடந்தது. மூடிய நிலையிலிருந்து கடைசிவரை திறந்து எண்ணினான். இரண்டே முக்கால் சுற்று. மறுபடியும் எண்ணினான். இரண்டே முக்கால்.

ஐந்து பேர், ஆளுக்கு அரைச் சுற்று: இரண்டரை. மிச்சம் கால்.

மேசையில் அன்று காலை வந்த சுற்றுநிருபம் இருந்தது. ஐந்தாம் திருத்தத்தின்படி எதிர்வரும் சனிக்கிழமை முதல் ஆறாவது உறுதிப்படுத்தல் கையொப்பம் நடைமுறைக்கு வருகிறது. அன்று இறங்க வேண்டிய சோடி: முனாப் (மறுதோற்றல்), சீதா (முதல் தோற்றல்).

*

சபையின் தவிசாளர் மயில்வாகனம் பரீட்சை நிர்வாகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய கதிரைக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி நிறையக் கோவைகள். பக்கத்தில் செயலாளர் ஸெய்னுலாப்தீன், தராதரக் கைந்நூலை மடியில் வைத்துக்கொண்டு.

"ஐயா, ஒவ்வொருத்தரும் வால்வ அரைச் சுற்று மூடுறாங்க," என்றான் முனாப்.

"மூடேல்லைத் தம்பி. உறுதிப்படுத்தினம்."

"உறுதிப்படுத்த எந்தப் பக்கம் திருப்புவாங்க?"

ஸெய்னுலாப்தீன் பக்கங்களைப் புரட்டினார். "வலப்பக்கம்."

"மூட எந்தப் பக்கம்?"

மறுபடியும் புரட்டினார். இந்தத் தடவை கொஞ்சம் நேரம் எடுத்தது. "அதுவும் வலப்பக்கம்தான். ஆனா அது வேற அத்தியாயம்."

முனாப் பையிலிருந்து பழைய வால்வை எடுத்து மேசையில் வைத்துச் சுற்றிக் காட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. "இந்தா, கால் சுற்று மிச்சம். சனிக்கிழமை ஆறாவது ஆள் வந்தா..." குமிழ் இறுகி நின்றது.

தவிசாளர் குமிழைப் பார்க்கவில்லை. முனாப்பை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, நீர் கெட்டிக்காரர். ஆனா நிர்வாகம் தெரியாது. ஒராள் கையொப்பம் வைச்சால், பிழை வந்தா அவரைப் பிடிக்கலாம். ஆறு பேர் வைச்சால் ஆரையும் பிடிக்கேலாது. பாதுகாப்பெண்டு நாங்கள் சொல்லுறது அதைத்தான்."

"வீரசிங்கத்துக்கு என்ன நடந்திச்சி ஐயா?"

வீரசிங்கம் கண்டி நகரத்துப் பையன். போன திருத்தத்தின் கீழ் இறங்கியவன். பதினாறு மீற்றரிலிருந்து அம்புபோல மேலே வந்தான். இப்போது அவனோடு பேச வேண்டுமென்றால் வலது காதுப் பக்கத்தில் நின்று பேச வேண்டும்.

ஸெய்னுலாப்தீன் கோவையைத் திறந்து வாசித்தார். "பரீட்சார்த்தி தாமாக மேலே வந்தார். காரணம்: பொறுமையின்மை. கோவை மூடப்பட்டது."

"இதைப் பாரும்," என்று தவிசாளர் ஓர் அட்டவணையை நீட்டினார். தலைப்பு, 'அவசரப்பட்டோர்'. மூன்று கையொப்பம் இருந்த வருடம் பத்துப் பேரில் ஒருவரும் இல்லை. நான்கு கையொப்பத்தில் இரண்டு பேர். ஐந்தில் ஆறு பேர். "இளம் ஆக்களின்ர பொறுமை எப்பிடி விழுந்துபோச்செண்டு விளங்குதோ? அதாலதான் ஆறாவது ஆளைப் போடுறம்."

முனாப் அட்டவணையை நீண்ட நேரம் பார்த்தான். இரண்டு நிரல்களும் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு ஏறின.

"ஐயா, நீங்க ஒருக்கா வாயில வெச்சி நாலு மூச்சு இழுத்துப் பாருங்களேன். தரையிலேயே."

"எனக்குத் தண்ணி ஒத்துவராது," என்றார் தவிசாளர்.

*

சீதா பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறவள். முனாப்பை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுவாள். குட்ஷெட் பஸ் தரிப்பிடத்தில் அவளைப் பிடித்து முனாப் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வால்வை வாங்கித் தானே ஆறு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப மூச்சே வராதா நானா?"

"குழாய்க்குள்ள நிக்கிறது ரெண்டு, மூணு மூச்சுக்குக் காணும். அதுக்குப் பொறகு இல்ல."

"மேலேயே இழுத்துப் பாத்துக்கலாமே?"

"வாயில வெக்கிற பகுதிக்கு முத்திரை ஒட்டுறாங்க. தண்ணியில எறங்கினப் பொறகுதான் பிய்ப்பாங்க. விசிலுக்குப் பத்து செக்கன்ல தலை உள்ள போகணும். இடுப்புல தலைமைத்துவப் பாரம் எண்டு நாலு கிலோ ஈயம் வேற. கீழ போனா மிதக்கிற அங்கிக்குக் காத்தடிக்கவும் அதே சிலிண்டர்தான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "வராதீங்க சீதா. நானும் போகல்ல."

"ஐம்பத்தாறு கூட்டம் நானா. பதினாறு மாசம் குந்திக்கிட்டு இருந்தேன். நிர்வாகக் கட்டமைப்ப நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் வரைவேன். சனிக்கிழமை இறங்காட்டி எல்லாக் கூட்டமும் முதல்ல இருந்து." கட்டுகஸ்தோட்டை பஸ் வந்து நின்றது, அவள் ஏறவில்லை. கைந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இதுல வால்வத் தொடக்கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

"கரையில தொட்டா தோல்வி."

"தண்ணியில?"

"தண்ணியில கை எட்டினாத்தானே? முதுகுக்குப் பின்னால..."

அவள் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். முப்பத்தோராம் விதி, நம்பிக்கை வாழ்த்து. விசிலுக்கு முன் சோடிகள் நேருக்கு நேர் நின்று, வலது கையை மற்றவரின் தோளுக்கு மேலாகப் பின்கழுத்தருகே வைத்து, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும்.

"பின்கழுத்துல என்னா இருக்கும் நானா?" என்றாள் சீதா.

மூன்று நாள் மாலையில் கடையில் வைத்துப் பழகினார்கள். பழைய வால்வைச் சாமான் பையில் கட்டி முதுகில் மாட்டினார்கள். றமீஸா கையில் மணிக்கூட்டோடு வாசற்படியில் இருந்தாள்.

"இப்பிடிக் கட்டிப் புடிக்கிறது அவங்கட விதிமுறையிலேயே ஈக்கா?"

"முப்பத்தோராம் விதி அக்கா."

"அப்ப சரி. பன்னெண்டு செக்கன் ஆகுது. இன்னும் கெதியா."

எதிரே நின்று பின்னால் கைபோட்டால் பக்கம் மாறித் தெரியும். முதல் நாள் எந்தப் பக்கம் திறக்கும் என்று இருவருக்கும் குழம்பியது. பிறகுதான் முனாப் கண்டுபிடித்தான்: முற்றாக மூடிய குமிழ் ஒரே பக்கம்தான் சுற்றும். சுற்றுகிற பக்கம் திறக்கிற பக்கம். ஆறாவது கையொப்பத்தில் இருந்த ஒரே நன்மை அது.

*

சனிக்கிழமை குழியைச் சுற்றிக் கொடிகள் கட்டியிருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை. கூடாரத்துக்குக் கீழே இரண்டு சிலிண்டர்களும் பூமாலையோடு நின்றன.

திறப்பு உத்தியோகத்தர் முழுதாகத் திறந்தார். உறுதிப்படுத்தல் உத்தியோகத்தர் அரைச் சுற்றுத் திருப்பிக் கையொப்பம் இட்டார். இரண்டாமவர், மூன்றாமவர், நான்காமவர். ஐந்தாமவர் திருப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஆறாவது கையொப்பம் ஸெய்னுலாப்தீனுக்கு வழங்கப்பட்டிருந்தது. அவர் சீதாவின் சிலிண்டரைத் திருப்பினார். கால் சுற்றில் குமிழ் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் முயன்றார். அசையவில்லை.

"மாஷா அல்லாஹ். இப்பதான் நல்லா உறுதியா ஈக்கி," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"சேர், அது மூடியாச்சு," என்றான் முனாப்.

"ஊசியப் பாருங்க தம்பி."

ஊசி இருநூறில் நின்றது. குழாய்க்குள் அடைபட்ட காற்று எங்கே போகும்? ஆறு பேரும் குனிந்து பார்த்து ஆறு படிவங்களில் இருநூறு என்று எழுதினார்கள். வாய்ப்பகுதிகளில் முத்திரை ஒட்டினார்கள். தவிசாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, தலைமைத்துவம் என்பது கேள்வி கேட்காமல் முதலில் இறங்குவது என்று கால் மணி நேரம் பேசினார். கடைசிவரை கரையிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார்.

இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். முத்திரை பிய்க்கப்பட்டது. நம்பிக்கை வாழ்த்துக்கு உத்தரவு வந்தது.

முனாப்பின் கை சீதாவின் பின்கழுத்தில் குமிழைப் பிடித்தது. ஒரு பக்கம் அசையவில்லை. மறுபக்கம் சுற்றியது. அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, இன்னும் ஒரு கால், நின்றது. அவள் மானியைப் பார்த்தபடி நான்கு மூச்சு இழுத்தாள். ஊசி அசையவில்லை. கண்ணை மூடித் திறந்தாள்.

அவனுடைய குமிழில் அவள் கை வழுக்கியது. ஸெய்னுலாப்தீன் இந்தச் சிலிண்டரை இன்னும் பலமாக உறுதிப்படுத்தியிருந்தார். மறுபடியும் பிடித்தாள். வழுக்கியது.

விசில் ஒலித்தது.

"இவ்வளவு நேரம் வாழ்த்தினதை நான் காணேல்லை," என்று தவிசாளர் நெகிழ்ந்து சொன்னது கரையிலிருந்து கேட்டது. பத்து, ஒன்பது, எட்டு என்று யாரோ எண்ணினார்கள். சீதா கையை எடுக்கவில்லை. இருவரும் பிடித்தபடியே இறங்கினார்கள். ஈயம் இழுத்தது.

முதல் மூச்சு வந்தது. இரண்டாவது மெலிந்து வந்தது. மூன்றாவதை அவன் இழுத்தான். இறப்பர் பல்லோடு ஒட்டிக்கொண்டது. ஊசி பூச்சியத்தில் படுத்தது. மேலே வெளிச்சம் ஒரு தட்டளவாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. வீரசிங்கம் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்திருக்க வேண்டும். சீதா தன் வாயிலிருந்ததைக் கழற்றி அவனுக்குக் கொடுக்கக் கையை உயர்த்தினாள். அவன் தலையசைத்து, பின்கழுத்தைக் காட்டினான். அவள் இரண்டு கையாலும் குமிழைப் பிடித்து முழு உடம்பாலும் திருகினாள்.

காதருகே சீறல் கேட்டது. ஊசி துள்ளி இருநூறுக்கு வந்து அங்கேயே நின்றது. பதினெட்டு மீற்றர் அடியிலும் அங்கேயே நின்றது.

*

இருவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அதன் பிறகு இறங்கியவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது. ஒவ்வொரு சோடியும் போன சோடியிடமிருந்து குட்ஷெட்டில் வைத்து விஷயத்தை வாய்வழியாக அறிந்துகொண்டது. 'அவசரப்பட்டோர்' நிரலில் பூச்சியம். ஆண்டறிக்கையில் தவிசாளர், ஆறாவது கையொப்பம் இளைஞர்களின் பொறுமையை மீட்டுத் தந்திருக்கிறது என்று எழுதி, ஏழாவதையும் எட்டாவதையும் முன்மொழிந்தார். அதைப் பற்றி முனாப் கவலைப்படவில்லை. மூடிய வால்வை அதற்கு மேல் மூட முடியாது.

கவலை வேறு இடத்திலிருந்து வந்தது. கிழக்குக் கரைக்குப் போய் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் ஆறாம் திருத்தத்தின் வரைவு தபாலில் வந்தது. நம்பிக்கை வாழ்த்து நேரத்தை எடுக்கிறது, அளவிட முடியாதது, ஆகவே நீக்கப்படுகிறது. இனிமேல் சோடிகள் இரண்டு மீற்றர் இடைவெளியில் நின்று ஒருவருக்கொருவர் சல்யூட் அடிக்க வேண்டும்.

முனாப் சீதாவுக்குத் தொலைபேசி எடுத்தான். அன்று பின்னேரமே சீதா அடுத்த தொகுதி பரீட்சார்த்திகளை நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப் போனாள். முனாப் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவர்களைக்கொண்டு எழுதுவித்தாள்.

தண்ணீரில் முத்திரை பிய்த்ததும் இடது கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சிலிண்டரின் அடியைப் பிடித்து மேலே தள்ளவும். சிலிண்டர் உயரும்போது வலது கையைத் தோளுக்கு மேலாக அனுப்பவும், குமிழ் எட்டும். சுற்றுகிற பக்கம் கடைசிவரை சுற்றவும். அரைச் சுற்றுத் திருப்ப வேண்டாம். ஊசியைப் பார்த்துக்கொண்டு நான்கு மூச்சு இழுக்கவும். ஊசி அசையாவிட்டால் இறங்கவும்.